டிஸ்சார்ஜ் ஆன பிறகு யார் கூப்பிட்டார்கள்? இரண்டு மனநல மருத்துவமனைகள் பற்றி ஓர் அக்காவின் மதிப்புரை

என் தம்பி இரண்டு மனநல மருத்துவமனைகளில் உள்நோயாளியாக இருந்திருக்கிறான். எங்கள் உறவில் ஒரு குடும்பத்தில் கல்லூரி படிக்கும் பையனுக்கு இப்போது அதே மாதிரி தொந்தரவு தொடங்கியிருக்கிறது. எங்கே சேர்க்கலாம் என்று அவர்கள் கேட்டார்கள். அவர்களிடம் சொன்னதையே கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

மருத்துவமனைகளின் பெயரைப் போடவில்லை. தம்பி வேலைக்குப் போகிறான். பெயர், ஊர், மாதம் என்று சேர்த்துப் போட்டால் தெரிந்தவர்கள் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். நோய் விவரத்தை வெளியே சொல்லாமல் காக்க வேண்டும் என்று மருத்துவமனைகளுக்கே 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் கட்டளை போட்டிருக்கிறது. வீட்டுக்காரர்களும் அதைக் காப்பாற்ற வேண்டும். தம்பி படித்துப் பார்த்து சரி என்று சொன்ன பிறகுதான் இதைப் போடுகிறேன்.

முதல் இடத்துக்கு ஐந்தில் இரண்டு கொடுப்பேன். இரண்டாவதற்கு நான்கு. கட்டடத்தையும் அறையையும் மட்டும் பார்த்தால் இந்த மதிப்பெண் தலைகீழாக மாறிவிடும். ஆனால் இந்த நோயில் வார்டுக்குள் இருக்கிற நாட்கள் கொஞ்சம். அதற்குப் பிறகு வீட்டில் இருக்கிற மாதங்கள்தான் அதிகம். அந்த மாதங்களில் யார் கூட நின்றார்கள் என்பதை வைத்துத்தான் நான் மதிப்பெண் போடுகிறேன்.

தம்பிக்கு வந்தது சைகோசிஸ். இல்லாத குரல் கேட்பது, யாரோ தன்னைக் கண்காணிக்கிறார்கள் என்று உறுதியாக நம்புவது, இதெல்லாம் அதில் வரும். அவனுக்கு அப்போது 22 வயது. கரூரில் வீட்டு உபயோகத் துணி ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசராக இருந்தான். கூட வேலை பார்ப்பவர்கள் தன் போனைத் திறந்து படிக்கிறார்கள் என்றான். அப்புறம் வீட்டில் ஸ்விட்ச் போர்டு ஓட்டைகளையெல்லாம் செல்லோ டேப் வைத்து ஒட்டினான். அம்மா சமைத்ததைத் தொட மாட்டான், பிரிக்காத பிஸ்கட் பாக்கெட் மட்டும்தான். அம்மா அவனைக் குணசீலம் கூட்டிப்போனார். முசிறிக்குப் பக்கத்தில் காவிரிக்கரையில் இருக்கும் அந்தப் பெருமாள் கோவிலில் மனநோயாளிகளை ஒரு மண்டலம் தங்க வைத்து வேண்டிக்கொள்வது பல தலைமுறைப் பழக்கம். அங்கே தங்கியிருந்தபோது, பக்கத்தில் தங்கியிருந்த ஒரு பெரியவர்தான் அம்மாவிடம், "சாமியும் பார்க்கட்டும், டாக்டரும் பார்க்கட்டும்மா" என்று சொல்லி அனுப்பி வைத்தார்.

முதலில் சேர்த்தது பெரிய தனியார் மருத்துவமனை. அங்கே நல்லது எதுவும் நடக்கவில்லை என்று சொன்னால் அது பொய். சேர்த்த அன்றே டாக்டர் பார்த்தார். தம்பி இரண்டாவது இரவிலிருந்து தூங்க ஆரம்பித்தான். நர்ஸ்கள் அன்பாகப் பேசினார்கள், அறை சுத்தமாக இருந்தது, சாப்பாடு நேரத்துக்கு வந்தது. குரல்கள் அடங்கின. டேப் ஒட்டிய பையன் "அக்கா, ஆபீஸ்ல லீவு சொல்லிட்டியா?" என்று கேட்கிற அளவுக்குத் திரும்பி வந்தான். அந்த டாக்டருக்கு நான் இன்றும் கடமைப்பட்டிருக்கிறேன்.

குறை டிஸ்சார்ஜ் அன்று தொடங்கியது. காலையில் ரவுண்ட்ஸில் "இன்னிக்குக் கூட்டிட்டுப் போகலாம்" என்றார்கள். மாலை வரை பில் செட்டில் செய்யும் வேலை. கடைசியில் கையில் ஒரு பேப்பர் வந்தது. மாத்திரை பெயர், அதற்கு எதிரே 0-0-1, கீழே ஒரு மாதம் கழித்து ரிவ்யூ. அவ்வளவுதான். என்ன நோய், எத்தனை காலம் மாத்திரை, பக்கவிளைவு என்ன, திரும்ப வந்தால் முதலில் எது தெரியும், ராத்திரியில் பிரச்சினை என்றால் எந்த எண்ணைக் கூப்பிடுவது, ஒன்றுமே அதில் இல்லை. ரிசப்ஷனில் கேட்டதற்கு ஓபி அப்பாயின்ட்மென்ட் எண்ணைத் தந்தார்கள்.

கொடுத்திருந்தது ஒலான்சபைன். குரல்களை அடக்குவதில் நல்ல மருந்து. ஆனால் பசியைக் கிளப்பிவிடும். எடை ஏறும், சர்க்கரையும் கொழுப்பும் ஏறலாம், அதனால் தொடங்கும்போதே எடையும் ரத்தமும் பார்த்துவைத்து, இடையிடையே மறுபடி பார்க்க வேண்டும். இதெல்லாம் இரண்டாவது மருத்துவமனையில்தான் எங்களுக்குத் தெரிய வந்தது. வீட்டில் நாங்கள் கண்டது, இரவு பதினோரு மணிக்கு எழுந்து மறுபடி சோறு கேட்கிற தம்பியை. காலையில் பத்து மணி வரை எழுப்ப முடியாது. சட்டைகள் எல்லாம் இறுக்கமாகிவிட்டன. பழைய நண்பன் ஒருவன், "என்னடா இப்படி ஊதிட்டே?" என்று கேட்ட நாளில் அவன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

ஒரு கட்டத்தில் மாத்திரையை நிறுத்திவிட்டான். யாரிடமும் சொல்லவில்லை. இந்த இடத்தைக் குடும்பங்கள் நன்றாக மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். மாத்திரையை நிறுத்தினால் மறுநாளே நோய் திரும்பாது. பல வாரம், சிலருக்குப் பல மாதம்கூட ஆகும். அதற்கு முன்னால் ஆள் தெளிவாகத் தெரிவான். தூக்கக் கலக்கம் போய்விடும், முகத்தில் களை வரும். தம்பியும் காலையில் எழுந்து பால் வாங்கி வந்தான், அம்மாவுக்கு கிரைண்டர் போட்டுக் கொடுத்தான். அம்மா திருஷ்டி சுற்றிப் போட்டார். அப்புறம் தூக்கம் குறைந்தது. ஒரு நாள் காலை பார்த்தால் ஹாலில் ஸ்விட்ச் போர்டில் டேப்.

இது எங்கள் வீட்டில் மட்டும் நடந்த கதை இல்லை. முதல் முறை சைகோசிஸ் வந்து தேறியவர்களை ஐந்து ஆண்டு பின்தொடர்ந்து நியூயார்க்கில் ஓர் ஆய்வு நடந்தது, 1999ல் வெளியானது. அந்த ஐந்து ஆண்டுக்குள் ஐந்தில் நான்கு பேருக்கு நோய் ஒரு முறையாவது திரும்பியிருக்கிறது. மருந்தை நிறுத்தியவர்களுக்குத் திரும்பும் ஆபத்து ஏறக்குறைய ஐந்து மடங்கு. மருத்துவ உலகத்துக்கு இது இத்தனை காலமாகத் தெரியும். தெரிந்திருந்தும், எடை ஏறி அவமானப்பட்டு உட்கார்ந்திருக்கும் 22 வயதுப் பையன் மாத்திரை சாப்பிடுகிறானா என்று கேட்க ஒரு மாதம் முழுக்க ஒரு போன்கூட வரவில்லை. மதிப்பெண்ணை நான் குறைத்தது இதற்காக.

மறுபடி சேர்ப்பதற்கு முந்தின இரவு 14416 எண்ணைக் கூப்பிட்டேன். இது டெலி மானஸ், மனநல உதவிக்கான தொலைபேசி எண். மத்திய அரசு 2022 அக்டோபர் 10 அன்று, உலக மனநல நாளில் தொடங்கிய சேவை. கட்டணம் இல்லை, எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசலாம். எடுத்தவர் ஒரு பெண். அவன் தன்னையோ மற்றவர்களையோ காயப்படுத்துகிற நிலையில் இருக்கிறானா என்று முதலில் கேட்டார். அரிவாள்மனை, கத்தி, மாத்திரை டப்பா எல்லாவற்றையும் எடுத்து வைக்கச் சொன்னார். "டேப் ஒட்டுறதைப் பத்தி அவரோட வாதம் பண்ணாதீங்க. பயமா இருக்கா, நான் கூட இருக்கேன்னு மட்டும் சொல்லுங்க" என்றார். நிலைமை முற்றினால் 108ஐக் கூப்பிட்டுப் பக்கத்து அரசு மருத்துவமனை கேஷுவாலிட்டிக்குப் போகச் சொன்னார். அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அதையே சொன்னேன். விடியும் வரை வேறு எதுவும் பேசவில்லை. அந்தச் சேவைக்குத் தனியாக ஐந்துக்கு ஐந்து.

இனி இரண்டாவது மருத்துவமனை. இதுவும் தனியார்தான், சின்னது. பழைய கட்டடம், பொது வார்டில் மின்விசிறி சத்தம் போடும், பாத்ரூம் கதவு சரியாகச் சாத்தாது. உள்ளே நுழைந்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "கட்டிப் போடுவாங்களா?" என்பதுதான். அவர் வயதில் இருக்கிற யாருக்கும் ஏர்வாடி ஞாபகம் இருக்கும். 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் தப்பிக்க முடியாமல் 28 பேர் இறந்தார்கள். வார்டு சிஸ்டர் அம்மாவின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய்ப் படுக்கைகளைக் காட்டினார். "சங்கிலி போடறது சட்டப்படியே குத்தம்மா. நீங்க எப்ப வேணும்னாலும் வந்து பாருங்க" என்றார். அதற்குப் பிறகுதான் அம்மா கையெழுத்துப் போடும் மேசைக்கு வந்தார்.

தம்பி அந்த நேரத்தில் தானாகச் சம்மதிக்கிற நிலையில் இல்லை. அவனுடைய நியமனப் பிரதிநிதியாக, அதாவது சட்டப்படி அவன் சார்பில் நிற்கிறவராக, நான் விண்ணப்பித்தேன். இப்படிச் சேர்ப்பது முதலில் அதிகபட்சம் 30 நாள்தான், அவனுக்கு ஆட்சேபம் இருந்தால் மனநல மறுஆய்வு வாரியத்துக்கு அவனே மனுப் போடலாம் என்றார்கள். எங்களிடம் சொன்னதோடு விடவில்லை. நான்கைந்து நாள் கழித்து அவன் கொஞ்சம் தெளிந்ததும் அவன் படுக்கைக்கே வந்து அவனிடமும் சொன்னார்கள். அவன் மனுப் போடவில்லை. ஆனால் தன்னிடம் கேட்டார்கள் என்பதை இன்றும் சொல்லிக் காட்டுவான்.

இவர்களிடம் டிஸ்சார்ஜ் என்பது கடைசி நாள் பேப்பர் இல்லை. இரண்டாவது வாரத்திலேயே ஒரு சோஷியல் ஒர்க்கர் எங்கள் எல்லோரையும் உட்கார வைத்தார். தம்பி, அம்மா, நான், டாக்டர். வீட்டில் யார் இருக்கிறார்கள், மாத்திரை யார் கையில் இருக்கும், ஊர் மருந்துக்கடையில் அந்த மாத்திரை கிடைக்குமா, வேலை என்ன ஆகும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். பிற்பாடுதான் தெரிந்தது, இது அவர்கள் பெரிய மனது வைத்துச் செய்கிற உபகாரம் இல்லை. மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 98ஆவது பிரிவே இதைச் சொல்கிறது. வீட்டுக்கு அனுப்பும் முன் நோயாளியையும், அவரோடு இருக்கப்போகிறவர்களையும் டாக்டர் கலந்து பேசி, அடுத்து என்ன சிகிச்சை, எப்படி என்று திட்டம் போட வேண்டும். சட்டம் 2018 மே 29லிருந்து நடைமுறையில் இருக்கிறது. எந்த மருத்துவமனையிலும் இதைக் கேட்கலாம், கேளுங்கள்.

அன்று எழுதியதில் ஒரு தாள் எங்கள் வீட்டு பீரோ கதவின் உட்பக்கம் ஒட்டியிருக்கிறது. தம்பி கைப்பட எழுதியது. தலைப்பு, "எனக்கு மறுபடி வருவதற்கு முன்னால்". கீழே அவனே யோசித்து எழுதியது: இரண்டு ராத்திரி தொடர்ந்து மூன்று மணிக்கு விழிப்பது. போனை அணைத்துத் துணிக்குள் சுற்றி வைப்பது. அம்மா போடுகிற சாப்பாட்டை முகர்ந்து பார்ப்பது. கம்பெனி வாட்ஸ்அப் குரூப்பை விட்டு வெளியே வருவது. ஒவ்வொன்றுக்கும் எதிரே யார் கவனிப்பது, யாரிடம் சொல்வது என்று இருக்கிறது. "இந்தத் தாள்ல இருக்கறதுல ரெண்டு நடந்தா அக்கா கூப்பிடலாம், நான் கோபப்பட மாட்டேன்" என்று கடைசி வரி. அதன் கீழே அவன் கையெழுத்து, என் கையெழுத்து, சோஷியல் ஒர்க்கர் கையெழுத்து. பொதுவாக அச்சடித்த நோட்டீஸில் "தூக்கமின்மை, தனிமை, சந்தேகம்" என்று போட்டிருக்கும். அது எல்லோருக்கும் பொருந்தும், அதனாலேயே யாரும் கவனிப்பதில்லை. இந்தத் தாள் தம்பிக்கு மட்டும் உரியது. ஒரு முறை அது வேலையும் செய்தது. போனைத் துணிக்குள் சுற்றி வைத்ததைப் பார்த்தேன், மறுநாள் தூக்கமும் இல்லை. கூப்பிட்டேன். அந்த வாரமே வரச்சொல்லி மாத்திரை அளவை மாற்றினார்கள். சேர்க்க வேண்டி வரவில்லை.

மருந்து விஷயத்திலும் வித்தியாசம் தெரிந்தது. எடை பற்றி அவன் வாய் திறந்ததும் டாக்டரம்மா தராசில் ஏற்றி, ரத்தப் பரிசோதனைக்கு எழுதி, மெதுவாக அரிப்பிப்ரசோல் என்ற வேறு மருந்துக்கு மாற்றினார். அதில் எடை அவ்வளவு ஏறாது, ஆனால் உட்கார முடியாமல் கால் துருதுருக்கிற தொந்தரவு சிலருக்கு வரும், வந்தால் உடனே சொல் என்று முன்கூட்டியே சொன்னார். வந்தது, சொன்னான், அதற்கும் மருந்து கொடுத்தார். மாதம் ஒரு முறை போடும் ஊசியைப் பற்றியும் விளக்கினார். மாத்திரை மறக்கிறவர்களுக்கு அது நல்ல வழி. புது ஊசிகள் விலை அதிகம். ஃப்ளுஃபெனசின் என்ற பழைய ஊசி மலிவு, ஆனால் அதில் கை நடுக்கமும் விறைப்பும் அதிகம் வரும். தம்பி ஊசி வேண்டாம் என்றான். "சரி. மறுபடி மாத்திரை நின்னா அப்ப இதைப் பேசலாம்" என்று சொல்லி, அதையும் திட்டத்தில் எழுதிக்கொண்டார். மிரட்டவில்லை. முதல் முறையோடு முடிந்தால் தேறிய பிறகு ஒன்றிரண்டு ஆண்டாவது மருந்து வேண்டும், திரும்பி வந்தால் இன்னும் நீண்ட காலம் என்று அவனிடம் நேரடியாகச் சொன்னதும் அவர்தான்.

வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே போன் வந்தது. தம்பியிடம் தனியாக, அம்மாவிடம் தனியாகப் பேசினார்கள். முதல் சில மாதம் அடிக்கடி, பிறகு மாதம் ஒரு முறை. தேதிக்கு வரவில்லை என்றால் அவர்களே கூப்பிடுவார்கள்.

குடும்பங்களுக்கு மாதம் ஒரு கூட்டம் வைக்கிறார்கள். அம்மா முதலில் வர மாட்டேன் என்றார். இப்போது அவர்தான் முதல் ஆள். வீட்டில் குத்தல் பேச்சும் திட்டும் அதிகமாக இருந்தால் நோய் சீக்கிரம் திரும்புகிறது என்பதை லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்பவர் ஐம்பது அறுபதுகளிலேயே கண்டு சொன்னார். கூட்டத்தில் இந்தப் பெயரெல்லாம் வராது. "பையன் பத்து மணி வரைக்கும் தூங்கறான், நீங்க என்ன சொல்லுவீங்க?" என்று சோஷியல் ஒர்க்கர் கேட்பார். அம்மா, "பக்கத்து வீட்டுப் பையன் எட்டு மணிக்கே வேலைக்குப் போறான் பாருன்னு சொல்வேன்" என்றார். "அதுக்குப் பதிலா?" அம்மா கொஞ்ச நேரம் யோசித்து, "காபி வெச்சிருக்கேன், ஆறுறதுக்குள்ள வா சாமி" என்றார். அந்த வாக்கியம் எங்கள் வீட்டில் தங்கிவிட்டது. குணசீலம் போகலாமா என்றும் அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டார். "தாராளமா போங்கம்மா, மாத்திரையையும் எடுத்துட்டுப் போங்க" என்றார்கள். எங்களைப் போன்றவர்களை மதிக்கிற இடம் என்று எனக்கு அன்றுதான் தோன்றியது.

குடும்பம் கூட இருப்பது வெறும் ஆறுதலுக்கு இல்லை. மனநோயாளிகளுக்காக 1984ல் தொடங்கப்பட்ட சென்னை ஸ்கார்ஃப் அமைப்பும் கனடாவில் மான்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழகமும் முதல் முறை சைகோசிஸ் வந்தவர்களை ஒரே மாதிரி சிகிச்சையில் இரண்டு ஆண்டு வைத்து ஒப்பிட்டன. முடிவு 2020ல் வந்தது. குரல், சந்தேகம் போன்றவை இரண்டு ஊரிலும் ஒரே அளவில் குறைந்தன. ஆனால் ஒதுங்கிப்போவது, எதிலும் ஈடுபாடில்லாமல் இருப்பது போன்றவை சென்னையில்தான் அதிகம் குறைந்தன. குடும்பத்தின் துணையும் சென்னையில்தான் கூடுதல்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். ஞாயிறு மாலை இரண்டாவது மருத்துவமனையின் போனை யாரும் எடுப்பதில்லை. நோய் ஞாயிறு பார்த்து வருவதில்லை, இதை நேரிலும் சொல்லியிருக்கிறேன். பாத்ரூம் கதவு இன்னும் அப்படியே இருக்கிறது. வேலைக்குத் திரும்புவதில் அவர்கள் கொடுத்த உதவி ஒரு சான்றிதழோடு முடிந்தது. மீதியைத் தம்பியின் சூப்பர்வைசர் செய்தார், முதலில் அரை நாள் வேலை கொடுத்து. எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, ஒரு வருடத்தோடு அந்த அழைப்புகள் நின்றுவிடுகின்றன. டென்மார்க்கில் ஓபஸ் என்ற பெரிய ஆய்வில் இரண்டு ஆண்டு இப்படி நெருக்கமாகப் பின்தொடர்ந்தவர்களுக்கு நல்ல பலன் கிடைத்தது. குழு விலகிய பிறகு ஐந்தாம் ஆண்டில் அந்தப் பலன் பெரும்பாலும் கரைந்துவிட்டது. ஒரு வருடம் போதாது. நாங்கள் இரண்டாம் ஆண்டுக்கும் அழைப்பு வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம், பதில் வரவில்லை. நான்காவது மதிப்பெண்ணோடு நிறுத்தியது அதனால்தான்.

செலவு எல்லோருக்கும் கட்டாது. மாவட்ட அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் மாத்திரை இலவசம். கூட்டம் அதிகம், டாக்டருக்குப் பேச நேரம் குறைவு. ஆனால் மாத்திரை விடாமல் கிடைப்பதே பாதிப் பாதுகாப்பு. இன்சூரன்ஸ் இருந்தால் விடாதீர்கள். உடல் நோய்க்குத் தருகிற அதே அடிப்படையில் மன நோய்க்கும் தர வேண்டும் என்று அதே சட்டத்தின் 21ஆவது பிரிவு சொல்கிறது. எங்கள் கிளெய்மை முதலில் திருப்பி அனுப்பினார்கள். பிரிவைக் குறிப்பிட்டு மறுபடி எழுதினேன், அறை வாடகை நீங்கலாகப் பெரும்பகுதி வந்தது.

எங்கே சேர்ப்பதாக இருந்தாலும், சேர்க்கும் அன்றே இதைக் கேளுங்கள்: வீட்டுக்கு அனுப்பிய பிறகு முதல் போன் எப்போது வரும், யார் பேசுவார்கள், தேதிக்கு வராவிட்டால் என்ன செய்வீர்கள். பதில் தெளிவாக இருந்தால் பெட்டியை எடுத்துக்கொண்டு போங்கள். பழைய டிஸ்சார்ஜ் சம்மரி, சாப்பிட்டுக்கொண்டிருந்த மாத்திரை அட்டைகள் (காலி அட்டையும் சேர்த்து), கடைசி ரத்தப் பரிசோதனை, ஆதார், இன்சூரன்ஸ் அட்டை எல்லாம் வேண்டும். இரண்டாவது மருத்துவமனையில் முதல் நாள் ஓபி முடிய மதியம் தாண்டிவிடும், பக்கத்தில் நல்ல சாப்பாட்டுக் கடை இல்லை, டிபன் கட்டிக்கொண்டு போவது நல்லது.